காருக்கு ஒரு காப்பு: மும்பை மழைக்கு மெழுகா, சீலண்டா?

2023-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் தேதியோடு பிரீமியர் பத்மினி டாக்சிகள் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. குர்லாவில் செய்யப்பட்ட அந்த வண்டியை ஓட்டிப் பிழைத்தவர்களும், சொந்தமாக ஒன்று வைத்திருந்தவர்களும் நம்மவரில் உண்டு. டப்பாவிலிருந்து பாலிஷை எடுத்துப் பழைய பனியன் துணியால் தேய்த்தால், துணியில் வண்டியின் நிறமே ஏறும். "அழுக்கு போகுது" என்பார்கள். போனது அழுக்கு மட்டுமல்ல, பெயிண்டும்தான். அந்தக் காலத்துப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்தன. ஆகவே தேயத் தேயப் புது நிறம் மேலே வந்தது.

இன்றைய காரின் அமைப்பு வேறு. தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு. இத்தனையும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். மேலேயுள்ள கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மெஷின் வைத்து ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் இதில் சில மைக்ரான் போகிறது. போனது திரும்பாது. அதைக் காக்கத்தான் மெழுகும் சீலண்டும். எதை வாங்குவது, எப்போது போடுவது என்பதை இனிப் பார்ப்போம்.

காப்பின் தத்துவம்

ஸ்ரீரங்கத்தில் சுதையாலான மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான். மேனியைக் காக்க மேலே ஒரு பூச்சு, அதைக் காலாகாலத்தில் புதுப்பிப்பது என்ற முறை நமக்குப் புதிதல்ல. காரின் மெழுகும் அப்படித்தான். வெயிலும் மழையும் எச்சமும் முதலில் அதைத் தின்னட்டும், கிளியர் கோட் பிழைக்கட்டும் என்று வைக்கிற அடுக்கு அது. கரைவதற்கென்றே போடுவது. எனவே "ஒரு தடவை போட்டால் போதும்" என்று யார் சொன்னாலும் சற்று யோசிக்க வேண்டும்.

மெழுகு

கார் மெழுகுகளில் பேர்போனது கர்னாபா. பிரேசிலின் வடகிழக்கே வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தன் ஓலைமேல் தானே பூசிக்கொள்ளும் மெழுகு இது. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். ஆனால் டப்பாவில் வருவது வெறும் கர்னாபா அல்ல. எண்ணெய், கரைப்பான் எல்லாம் கலந்திருப்பதால் அதற்கு முன்பே இளகிவிடும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

மெழுகின் பளபளப்பு அழகானது, குறிப்பாகக் கறுப்பு, சிவப்பு வண்டிகளுக்கு. விலையும் அதிகமில்லை. ஆனால் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஒன்றிரண்டு மாதத்துக்குமேல் நிற்காது.

சீலண்ட்

இது செயற்கைப் பாலிமர்களாலும் சிலிகோன் சேர்மங்களாலும் ஆனது. பெயிண்டின்மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் எளிதில் இளகாது, ஷாம்பூ கழுவலுக்கும் ஈடுகொடுக்கும். ஒழுங்காகப் போட்டால் நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும். பளபளப்பு மெழுகைவிடச் சற்று 'கண்ணாடித்தனமாக' இருக்கும் என்பார்கள், அது அவரவர் ரசனை. போட்டபின் இறுக நேரம் வேண்டும். டப்பாவில் சொல்லியிருக்கும் மணிக்கணக்குக்கு வண்டி நனையக்கூடாது. சீலண்டின்மேல் மெழுகு போடலாம். மெழுகின்மேல் சீலண்ட் பிடிக்காது.

செராமிக்கும் டெஃப்ளானும்

புது வண்டி வாங்கப் போனால், இன்சூரன்ஸ் பேசி முடித்த கையோடு "கோட்டிங் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையில் ஆன, கெட்டியாக இறுகும் பூச்சு. நல்ல கைக்காரர் போட்டால் சில ஆண்டு நிற்கும் என்பது உண்மை. ஆனால் செலவு பல ஆயிரம். விளம்பரத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. பெரும்பாலும் ஓரிரு மைக்ரானே உள்ள அந்தப் பூச்சு, ஸ்கூட்டர் கைப்பிடியின் உரசலையோ சாவிக் கீறலையோ தடுக்காது.

டெஃப்ளான் என்ற பெயருக்கும் மயங்க வேண்டாம். அந்தப் பொருள் உருகுவது 327 டிகிரியில். தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பதற்குக் காரணம், தொழிற்சாலையில் அதற்கும் மேலான சூட்டில் வேகவைப்பதுதான். காரை அப்படி வேகவைக்க முடியுமா? பெயர் எதுவானாலும் வேலை செய்வது உடன் கலந்திருக்கும் பாலிமர்தான்.

பேட்டைக்கு ஒரு பகை

மாதுங்காவில் மரநிழல் ஒரு வரம், காருக்கு அதுவே சோதனை. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் இளகிய கிளியர் கோட், காய்ந்து சுருங்கும் எச்சத்தைச் சுற்றி இறுகும்போது அந்த இடம் மங்கிவிடும். தூங்குமூஞ்சி மரத்தில் மாவுப்பூச்சி வந்தால் பிசுபிசுவென்று துளியாகக் கொட்டும். காப்பு இருந்தால் எச்சம் ஊறிப் பிடிக்கச் சில மணிநேரம் கூடுதலாகும். அவ்வளவுதான், தடுத்துவிடாது. ஈரத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் எடுப்பதே முறை.

செம்பூரில் மாகுல் பக்கத்து ஆலைகளின் புகையும், கட்டட வேலைகளின் சிமெண்டுத் தூசியும் உண்டு. சிமெண்டு ஈரத்தில் காரமாகும். மழையில் நனைந்து இறுகினால் வெறும் தண்ணீருக்கு அசையாது. ரயில் பாதையோரம் நிறுத்துபவர்கள் வெள்ளை வண்டியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் துருப்பிடித்த அடையாளம் அது. தாராவியில் 90 அடிச் சாலையோரம் வெட்டவெளியில் நிறுத்துகிற டாக்சி, டூரிஸ்ட் ஓட்டுநர்களுக்கு இரவும் பகலும் தூசிதான்.

டேங்கர், போர்வெல் தண்ணீர் உள்ள சொசைட்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அந்த உப்பு நீரைத் தானாகக் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் விழும். ஏரிகளிலிருந்து வரும் மாநகராட்சிக் குழாய் நீரில் இது குறைவு.

எப்போது, எப்படி?

மும்பையில் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 11, விலகுவது அக்டோபர் 8. இடையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆகவே மே கடைசி வாரத்தில் ஒரு சீலண்ட், மழை விட்டபின் இன்னொன்று. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைக்கவும். பிறகு அப்பளம் வந்த மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். அது இருந்தால், கார் கடைகளில் கிடைக்கும் கிளே கட்டியை வழுக்கும் நீர்மத்தோடு மெல்ல ஓட்டி எடுக்க வேண்டும். அதன்பின் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது சீலண்ட் பூசவும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்போமே, அந்த மெல்லிசு போதும். அப்பிப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் சோம்பிப் படர ஆரம்பித்தால், காப்பு தேய்ந்தது என்று கொள்ளலாம்.

மேட் பெயிண்ட் வண்டிக்குச் சாதாரண மெழுகு ஆகாது. அடித்தகட்டுத் துருவுக்கும் மெழுகுக்கும் சம்பந்தமில்லை, அதற்கு வேறு பூச்சு உண்டு.

ஒரு பக்கெட், ஒரு துணி

எந்தக் காப்பையும் அழிப்பதில் மழையைவிடப் பெரிய பங்கு நம் காலைத் துடைப்புக்கு உண்டு. விடியுமுன் வந்து சொசைட்டியில் இருபது, முப்பது வண்டி துடைக்கும் பையனிடம் இருப்பது ஒரு பக்கெட், ஒரு துணி. முதல் வண்டியின் மண் கடைசி வண்டி வரை பயணிக்கிறது. வெயிலில் பானெட்டில் சிலந்திவலை போலத் தெரியும் கீறல்கள் இதனால் வருபவைதான். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் கொடுக்கிற சம்பளத்துக்கும் நேரத்துக்கும் அவ்வளவுதான் முடியும்.

தினமும் துடைப்பதற்குப் பதில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லலாம், சம்பளத்தைக் குறைக்காமல். நம் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் தனி பக்கெட்டும் வாங்கிக் கொடுக்கலாம். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம். அது அழுக்கோடு காப்பையும் கரைத்துவிடும்.

ஆயுத பூஜை

நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். மழை விடும் சமயத்தில்தான் ஆயுத பூஜையும் வருகிறது. பானெட்டில் சந்தனம், குங்குமம், ஈர மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சை. குங்குமமும் மஞ்சளும் வெயிலில் நாள்கணக்கில் இருந்தால் வெள்ளை வண்டியில் கறை பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். பொட்டைக் கண்ணாடியில் வைத்து, பெயிண்டில் பட்டதை அன்று மாலையே ஈரத் துணியால் எடுத்துவிடலாம். பக்தியிலும் குறைவராது. பூஜைக்கு வண்டியைக் கழுவும் அந்த வாரமே இரண்டாவது சீலண்டையும் போட்டுவிட்டால் மறதிக்கும் இடமில்லை.

வங்கிக் கடனில் வாங்கிய வண்டி, பத்து வருஷமாவது ஓட வேண்டிய வண்டி என்பதே நம்மில் பலரின் நிலை. அப்படிப்பட்ட வண்டிக்கு விலையுயர்ந்த பூச்சைவிட, வருஷத்துக்கு இரண்டு சீலண்டும் சுத்தமான இரண்டு துணியும் அதிகம் உதவும். ஷோரூமில் கையெழுத்துப் போடுமுன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.