ஒரே நீரில் நெல்லும் மீனும்

நீரைச் சிக்கனமாய்க் கொண்டு மீன் வளர்ப்பது புதிய கலையன்று. நிபோங் திபாலைத் தொட்டோடும் கிரியான் ஆற்றுக்கு அப்பால், பேராக்கின் கிரியான் மாவட்டத்து உழவர் அதனை நெடுங்காலம் செய்துவந்தனர். அங்கு, 1906இல் நிறைவேறிய புக்கிட் மேரா பாசனத் திட்டத்தின் நீர் கால்வாய் வழியே வயல்களை அடைந்தது. வயலின் தாழ்ந்த பகுதியில் உழவர் குழியொன்று வெட்டுவர். நீரோடு வந்த மீன்கள் நெற்பயிரிடையே மேய்ந்து வளரும்; அறுவடைக்கு நீர் வடியும்போது குழியில் வந்தடங்கும்; அங்கே அவற்றைப் பிடிப்பர். மீனுக்கெனத் தனி நீருமில்லை, தனித் தீனியுமில்லை.

தேங்கிய நீரில் உயிர்வளி குறையுமே. மீன் எங்ஙனம் பிழைக்கும்? சியாமிலிருந்து கொண்டுவரப்பட்ட செப்பாட், விரால், பனையேறி ஆகியவை செவுளோடு, காற்றை நேரே கொள்ளும் துணையுறுப்பும் உடையவை. ஆதலின் நீரை அடிக்கடி மாற்ற வேண்டுவதில்லை.

1960களில் இருபோகச் சாகுபடி பரவிற்று. வயலில் மீன் வளரும் காலம் சுருங்கிற்று, பூச்சிமருந்தும் பெருகிற்று. நெல்லுக்கு ஒரு போகம் கூடியது, மீனோ அருகிற்று. நீரின் அளவைச் சிக்கனப்படுத்தினால் மட்டும் போதாது. அதன் தூய்மையையும் காத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.