பெற்றதைத் தின்னும் மீன்: பாவமா? பசியா?

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும், "லேத்தைப் பற்றி எழுதுல, பரீட்சைக்கும் உதவும்" என்றார்கள் வகுப்புத் தோழர்கள். லேத்தைப் பற்றி எழுத நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியைப் பற்றி. அந்தத் தொட்டி எனக்கு ஐந்து மாத மாத்திரையும், பாதி செமஸ்டர் வொர்க்‌ஷாப் இழப்பும் தந்தது. அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு!

முதலாண்டு விடுமுறையில் கண்ணாடி வாங்கி, சிலிக்கான் பசை வைத்து நானே ஒட்டிய தொட்டி அது. நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 30. கணக்குப் போட்டால் 54 லிட்டர். அதில் நாலு ஜோடி கப்பி மீன் விட்டேன். ஒருநாள் காலையில் பார்த்தால் கண்ணும் வாலுமாக இருபதுக்கு மேல் குஞ்சுகள்! கப்பி முட்டையிடாது, நேராகக் குட்டி போடும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து எண்ணினால் மூன்றே மூன்று. என் கண் முன்னாலேயே தாய் மீன் நாலாவதை... இல்லை, மூன்றாவதை விழுங்கியது. மிச்சம் இரண்டு.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஏல, பெத்த பிள்ளையத் தின்னுற சீவன் வீட்டுல இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுல. கொண்டு போய் எங்கயாச்சும் விட்டுரு!"

பக்கத்து வீட்டு மாமா விசைப்படகில் போகிறவர். அவர்தான் சிரித்துக்கொண்டே, "மதினி, தண்ணிக்குள்ள எந்த மீனு எந்த மீனுக்கு உறவு பாக்குது?" என்றார். தொட்டி அன்று தப்பியது. எனக்குக் கேள்வி மட்டும் தங்கிவிட்டது. ஏன் தின்கிறது? தின்றால் அதற்கு ஏதும் கேடு வருமா?

வாய்க்குள் நுழைந்தால் உணவு

கொசு ஒழிப்புக்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி மீன் விடுகிறார்கள் அல்லவா? ஏன் கப்பியை விடுகிறார்கள்? கண் முன்னால் துள்ளுகிற சிறு உருவத்தை யோசிக்காமல் கவ்வும் குணம் அதற்கு உண்டு. கொசுப் புழுவும் துள்ளுகிறது, ஒரு செ.மீ.கூட இல்லாத குஞ்சும் துள்ளுகிறது. "இது என் பிள்ளை" என்று கப்பி விட்டுவைப்பதாகத் தெரியவில்லை. நாம் மெச்சுகிற குணமும், நாம் திட்டுகிற குணமும் ஒன்றுதான்!

ஓடையில் என்றால் குஞ்சு பிறந்த உடனே பாசிக்குள் ஓடி ஒளியும். என் தொட்டியில் பாசியும் கிடையாது, புதரும் கிடையாது. அடியில் கூழாங்கல், நான்கு பக்கமும் கண்ணாடி. ஓட வழியில்லாத இடத்தில் பிறக்க வைத்துவிட்டுத் தாயைக் குறை சொன்னால் எப்படி? நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடுகிற மீனுக்குப் பசியும் அதிகம்.

தகப்பன் செய்கிற கணக்கு

சில மீன்கள் தெரிந்தே தின்கின்றன. முட்டையைக் காவல் காக்கும் வேலை பல இனங்களில் தகப்பனுடையது. நம் மன்னார் வளைகுடாவில் கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீனைப் பாருங்கள். ஆண் மீன் துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு நல்ல நீரை அனுப்பும். கெட்டுப்போன முட்டைகளை வாயால் எடுத்துத் தின்றுவிடும். அழுகியது கிடந்தால் பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இது கொலையாகாது, துப்புரவுப் பணி.

இன்னும் சில இனங்களில் தகப்பன் நல்ல முட்டைகளிலும் கொஞ்சம் தின்பதுண்டு. காவல் நாட்களில் இரை தேடப் போக முடியாது. சிலதைத் தின்று உடம்பில் தெம்பு வைத்தால் மீதியைக் காப்பாற்றலாம் என்பது ஒரு விளக்கம். 1978-ல் ரோவர் என்ற அறிஞர் இதை விரிவாக எழுதினார். முட்டைக் கூட்டம் குறைந்தால் மிச்சமுள்ளவற்றுக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும் என்பது இன்னொரு விளக்கம்.

நம்ம ஊர்க் கரையில்

இது கண்ணாடித் தொட்டி சமாச்சாரம் மட்டும் இல்லை. நம் மாவட்டக் கரையோரப் பிழைப்பிலும் இதே பிரச்சினை உண்டு.

கொடுவா மீனை எடுத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இதன் குஞ்சுகளைச் செயற்கை முறையில் உற்பத்தி செய்து காட்டியது. ஆனால் குஞ்சு வளர்ப்பில் பெரிய தலைவலி அண்ணன் தம்பியைத் தின்பதுதான். தன் நீளத்தில் பாதிக்கு மேலுள்ள தம்பியைக்கூடக் கொடுவாக் குஞ்சு விழுங்கப் பார்க்கும். சில சமயம் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். அதனால் சில நாளுக்கு ஒருமுறை பெரியது, சிறியது என்று தரம் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விடுகிறார்கள். களி நண்டும் அப்படியே. தோடு கழற்றி மெத்தென்று இருக்கிற நண்டை மற்றவை பிய்த்துத் தின்றுவிடும். அதற்காகவே தனித்தனி அறை வைத்த பெட்டிகளில் வளர்ப்பதுண்டு.

முத்துச் சிப்பிக் கதை இன்னும் வேடிக்கை. நம் ஊரில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பின்னர் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் வளர்ப்பு முத்தையும், 1981-ல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளையும் உண்டாக்கினார்கள். சிப்பி இனங்கள் நீரை வடிகட்டித் தின்பவை. வடிகட்டும்போது தன் இனக் குஞ்சும் உள்ளே போய்விடும். பொரிப்பகத்தில் முட்டை விட்டதும் தாய்ச் சிப்பிகளை வெளியே எடுத்துவிடுவது வழக்கம். பாசமும் இல்லை, பகையும் இல்லை, வெறும் சல்லடை!

தின்றால் நோய் வருமா?

இனி முக்கியமான கேள்வி. இங்கிலாந்தில் 1986-ல் கண்டறியப்பட்ட மாட்டுப் பைத்திய நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாட்டின் இறைச்சித் தூளையும் எலும்புத் தூளையும் மாட்டுக்கே தீனியாகப் போட்டதில் பரவியது. பப்புவா நியூகினியில் போரே மக்களிடம், இறந்த உறவினரின் உடலை உண்ணும் சடங்கால் கூரு என்ற மூளை நோய் பரவியது. அதை ஆராய்ந்த கஜ்டுசெக் 1976-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது. ஆனால் கப்பி விஷயம் வேறு. ஆரோக்கியமான குஞ்சைத் தின்றால் தாய்க்கு அது வெறும் புரதம். தன் இனம் என்பதால் மட்டும் நோய் முளைக்காது. தின்னப்பட்டது நோயாளியாக இருந்தால்தான் ஆபத்து. ஒரே இனம் என்பதால் அதைப் பிடித்த கிருமி இதையும் எளிதாகப் பிடிக்கும்.

இறால் பண்ணைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1994-95-ல் கிழக்குக் கரையை அடித்துப் போட்ட வெள்ளைப்புள்ளி நோய் ஒரு வைரஸ். அது மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு இறால் சோர்ந்து விழுந்தால் மற்றவை அதைத் தின்னும், தின்றவை சோரும், அவற்றை வேறு இறால்கள் தின்னும். சில நாளில் குளமே காலி. கடன் வாங்கிப் போட்ட முதலும் காலி.

என் விரல் சொன்ன பாடம்

என் தொட்டியிலும் அதுதான் நடந்தது. சில மீன்கள் வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, மேலெல்லாம் புண்ணாகச் சாகத் தொடங்கின. செத்ததை நான் எடுக்கவில்லை. "மத்தது தின்னட்டும், தீனி மிச்சம்" என்று விட்டுவிட்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி! தண்ணீரும் மாற்றவில்லை. ஒரு மாதத்தில் பாதி மீன் போய்விட்டது.

அதே சமயம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் வழுக்கி ஆள்காட்டி விரலில் வெட்டு. அந்தக் கையோடு தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு சிவந்த கட்டி. களிம்பு போட்டும் ஆறவில்லை. மணிக்கட்டுப் பக்கம் இன்னொன்று எழும்பியது. அரம் பிடிக்க முடியாமல் பிராக்டிகல் போனது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் கேட்டார்: "தம்பி, மீன் வளர்க்கிறியா?"

சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பெயர் சொன்னார்: மைக்கோபாக்டீரியம் மெரினம். மீன் காசநோய்க் கிருமிகளில் ஒன்று. 1926-ல் ஆரான்சன் என்பவர் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து பிரித்தெடுத்தது. மீனிடையே நோயுற்றதைத் தின்பதாலும் பரவும். மனிதனுக்குத் தோல் காயம் வழியாக ஏறும். 30 டிகிரி அளவு வெப்பம்தான் இதற்குப் பிடிக்கும். ஆகவே கை, விரல் போன்ற குளிர்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் தங்கும். ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். நான் சாப்பிட்டேன். தாய் குட்டியைத் தின்றதால்தான் எனக்கு இது வந்தது என்று சொல்லமாட்டேன். நெரிசல், அழுக்குத் தண்ணீர், எடுக்காத பிணங்கள், என் சோம்பேறித்தனம் எல்லாம் சேர்ந்துதான் வந்தது.

வளர்க்கிறவர்கள் செய்ய வேண்டியது

1. தொட்டியில் வேலம்பாசி அடர்த்தியாகப் போடுங்கள். குஞ்சு ஒளிய இடம் வேண்டும்.

2. வயிறு பெருத்த தாயை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடைக்குள் விட்டுத் தொட்டியில் மிதக்க விடுங்கள். குஞ்சு ஓட்டை வழியே தப்பும், தாய் வர முடியாது. குட்டி போட்டதும் தாயை வெளியே எடுத்துவிடுங்கள். ஷீட் மெட்டல் கற்ற பெருமையில் நாகத் தகட்டில் பெட்டி செய்யாதீர்கள். துத்தநாகமும் செம்பும் மீனுக்கு விஷம்.

3. தாய்க்கு வேளாவேளைக்குக் கொஞ்சமாகத் தீனி. பசித்த வாய்தான் முதலில் தேடும்.

4. செத்த மீனை உடனே எடுங்கள். நோய் மீனைத் தனியே வையுங்கள்.

5. கையில் காயமிருந்தால் தொட்டிக்குள் கை வைக்காதீர்கள். கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ட்யூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் வித்தையை இன்றோடு விடுங்கள்.

6. ஆறாத கட்டி இருந்தால், மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள்: "சார், நான் மீன் வளர்க்கிறேன்." மீன் வெட்டுகிற, வலை இழுக்கிற வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நம் ஊரில் அது பாதிப் பேர்!

முடிவாக...

விரல் ஆறிவிட்டது. தொட்டியைக் காலி செய்து, காய்ச்சிய நீரால் கழுவி, வெயிலில் காய வைத்துப் புதிதாகத் தொடங்கினேன். இப்போது பாசி இருக்கிறது, கூடை இருக்கிறது. போன மாதம் கல்லூரி விட்டு வந்தபோது அம்மா வாசலிலேயே சொன்னாள்: "ஏல, அந்த மஞ்ச வாலுக்காரிக்கு வயிறு எறங்கிட்டு. கூடையப் போட்டுட்டேன். போய் எண்ணிப் பாரு."

எண்ணினேன். இருபத்தாறு. நண்பர்களே, பாவம் மீனிடம் இல்லை. அதை அடைத்து வைத்த நம்மிடம்தான் பொறுப்பு இருக்கிறது. வளர்ப்போம், அறிந்து வளர்ப்போம்!