திம்பம் ஏறி மைசூருக்கு: இருவரும் கற்க வேண்டிய பாடங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து மைசூருக்கு 200 கிலோமீட்டர்கூட இல்லை. சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ் நகர், நஞ்சன்கூடு, அதைத் தாண்டினால் மைசூர். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனாலும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரம் முன்பே தயாராகத் தொடங்கினோம். இருவருக்கும் அது புது ஊர். மலைப்பாதை, காடு, மாநில எல்லை எல்லாம் வழியிலேயே வருகின்றன. எங்கள் இருவருக்குமே ஐம்பது வயது தாண்டிவிட்டது. காரில் வேறு யாரும் கிடையாது.

பெரும்பாலான வீடுகளில் வண்டி சம்பந்தப்பட்டது எல்லாம் கணவருக்குத்தான் தெரியும். மருந்து, சாப்பாடு, துணிமணி எல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் இந்தப் பங்கீடு ஓடிவிடும். ஆசனூர் காட்டுக்குள் ஒருவருக்கு மயக்கம் வந்தால், மற்றவர் அந்த நிமிடமே இரண்டு பேராகவும் இருந்தாக வேண்டும். அதனால் இருவர் போகும் பயணத்துக்கு முக்கியமான தயாரிப்பு, எதையும் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததாக விட்டுவைக்காமல் இருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் காகிதங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் நான்கும் வேண்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ளவையும் சட்டப்படி செல்லும். ஆனால் அவை அவர் போனில் இருந்து, அந்த போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் என் கையில் என்ன இருக்கும்? அசல்களை ஒரு உறையில் போட்டு முன்பக்க டிராயரில் வைத்தோம். உறை எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். ஃபாஸ்டேக் கணக்கும் அப்படித்தான். ஓ.டி.பி. ஒருவர் போனுக்குத்தான் வரும் என்பதால், வீட்டிலேயே பணம் ஏற்றிவிட்டுக் கிளம்புவது நல்லது.

இன்சூரன்ஸ் காகிதத்தைப் பெண்கள் கட்டாயம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். வண்டி உரிமையாளருக்கான கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். ஆனால் அது, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து வருபவருக்குக் காப்பீடு வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கட்டணம் பெரிய தொகை இல்லை. கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

அடுத்தது ஸ்டெப்னி. "ஏனுங்க, இந்த ஞாயித்துக்கெழம நானே ஒரு வீலைக் கழட்டி மாட்டறனுங்க, நீங்க பாத்துட்டு மட்டும் இருங்க" என்றேன். "சரிங்க அம்மிணி" என்று நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வேலைக்குப் பெரிய பலம் எதுவும் வேண்டாம். வேலையின் வரிசை தெரிந்தால் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியால் தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம்தான் சுற்றும், நட்டு அசையாது. கை பலம் போதாவிட்டால் ஸ்பேனரின் நுனியில் காலை வைத்து அழுத்தலாம், உடம்பின் எடையே வேலையைச் செய்துவிடும். ஜாக்கியை வைக்க வண்டியின் அடியில் அதற்கென்றே இடம் குறித்திருப்பார்கள். மாட்டும்போது நட்டுகளை அடுத்தடுத்து முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினால்தான் சக்கரம் சரியாக உட்காரும். சில வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிட ஒல்லியாக இருக்கும். அதில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. டயரின் வயதைப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஓடாமலே டிக்கியில் கிடந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விடும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் ஓட்டவே கூடாது. மழைத் தண்ணீரில் அந்த டயர் பிடிக்காது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும், ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும்.

மலைக்கு என்று பார்க்க வேண்டியது கூலன்டும் பிரேக் ஆயிலும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டு நிலம். அதனால் போகும்போது ஏறியதில் பெரும்பகுதியை அந்தப் பக்கம் இறங்குவதில்லை, திரும்பி வரும்போது அந்த 27 வளைவுகளிலும் மொத்தமாக இறங்க வேண்டியிருக்கிறது. போகும்போது இன்ஜினுக்குச் சோதனை, வரும்போது பிரேக்குக்குச் சோதனை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குமிழ் வந்து, மிதிக்க மிதிக்கப் பெடல் பஞ்சாக இறங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறார்கள். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடவே கூடாது. ஏறிய அதே கியரில் இறங்கினால் பாதி வேலையை இன்ஜினே செய்துவிடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கத்தை உயிரோடு விளையாடுவதாகவே நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. குறுகலான மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

கிளம்பும் நாளையும் நேரத்தையும் காடுதான் தீர்மானிக்கிறது. சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகமானது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிலிகிரி ரங்கசாமி மலைக் காப்பகம் தொடர்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை கார்களுக்கும் வழி கிடையாது. ராத்திரியில் சாலையைக் கடக்கும் விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்கத்தான் இந்தத் தடை. இது நல்ல தடை. பயணிகள் இதைத் தொல்லையாகப் பார்க்காமல், இதற்கேற்பத் திட்டத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அமைத்தது இப்படி. மைசூர் அரண்மனைக்கு விளக்கேற்றுவது ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும், மாலை 7 மணி வாக்கில். அதைப் பார்த்துவிட்டு அன்றே திம்பம் இறங்க முடியாது. ஆகவே சனிக்கிழமை போய் திங்கட்கிழமை திரும்புவது என்று முடிவானது. மிருகக்காட்சி சாலையையும் ஞாயிறு காலையிலேயே வைத்துக்கொண்டோம். திரும்பும் நாளில் மத்தியானம் தாண்டி மைசூரில் நிற்பதில்லை என்று பேசிக்கொண்டோம். 9 மணி வரை அனுமதி உண்டு என்பதற்காக அதுவரை ஓட்ட வேண்டும் என்பதில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் யானைகள் ரோட்டோரம் வருகின்றன. காராப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிகளை மறித்துக் கரும்பை இழுத்துத் தின்று பழகிய யானைகளும் உண்டு. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹார்ன் அடிக்கவோ, விளக்கைப் பளிச்சிடவோ, படம் எடுக்க இறங்கவோ கூடாது. அது முன்னால் வந்தால் பின்னால் நகர இடம் வைத்திருக்க வேண்டும். அது கடந்து போகும்வரை காத்திருப்பதுதான் முறை, அந்த ரோடு அதன் வழியில் போடப்பட்டது.

இனி இடப்பக்க இருக்கை. நான் அதிகமாக யோசித்தது அதைப் பற்றித்தான். அங்கே உட்காருபவர் சும்மா வருபவர் இல்லை. போனைத் தொடுவது, வரைபடம் பார்ப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் வரைபடத்தை முந்தின நாளே போனில் இறக்கி வைத்திருந்தேன். பாதையில் வரும் ஊர்களின் பெயர்களையும், 112, 108 அவசர உதவி எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு எண்களும் கர்நாடகத்திலும் அதேதான். கொண்டை ஊசி வளைவில், மேலே தெரியும் ரோட்டில் லாரி இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது பெரிய உதவி. நீளமான லாரி திரும்பும்போது ரோடு முழுவதையும் எடுத்துக்கொள்ளும், நாம் வளைவுக்கு முன்பே நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது. சொல்வதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "அடுத்த இடதுல திரும்பணுங்க" என்று 200 மீட்டருக்கு முன்னால் சொன்னால் அது வழிகாட்டல். திருப்பத்தைத் தாண்டிய பிறகு சொன்னால் அது சண்டை.

ஓட்டுபவர் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினாலோ, வழக்கத்தைவிடப் பேச்சைக் குறைத்தாலோ கவனிப்பதும் பக்கத்தில் இருப்பவர் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்பது, சொன்ன இடத்தில் சாவி கைமாறுவது என்று வீட்டிலேயே பேசி வைத்தோம். "எனக்குத் தூக்கம் வரலீங்க" என்று அந்த நேரத்தில் யாரும் வாதம் செய்யக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. கை மாறியதும் இருக்கையையும் மூன்று கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். சமவெளியும் ஆசனூருக்கு அப்பாலும் என் பங்கு, மலை ஏற்றமும் இறக்கமும் அவர் பங்கு. மலையிலும் ஓட்ட நான் கற்றுக்கொண்டிருக்கிறேன், தேவை வந்தால் ஓட்டுவேன்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். அப்படி எதையாவது கண்டால் வண்டியை ஓரங்கட்டி, குளுக்கோஸ் கொடுத்து, அதற்குப் பின் ஏதாவது சாப்பிடவும் வைக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று அவர் சொன்னாலும் உடனே ஓட்ட விடக் கூடாது. குளுக்கோஸ் எந்தப் பையில் என்பது எனக்குத் தெரியும், என் தைராய்டு மாத்திரை எப்போது என்பது அவருக்குத் தெரியும். இன்சுலின் போடுபவர்கள் அதை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது, சூட்டில் கெட்டுவிடும். வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் முன்னால் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் ரோட்டையே பார்க்க வேண்டும். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்வதால் வரும் குமட்டல் அது. வாந்திக்குப் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும், ஓட்டுபவர் போடவே கூடாது.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு. போசியில் புளிச்சோறும், தனியே வறுத்த நிலக்கடலையும். காட்டுக்குள் எங்கும் நிறுத்திச் சாப்பிடுவதில்லை, தோலும் காகிதமும் அங்கே விழக் கூடாது. கழிப்பறைக்கு எங்கே நிற்பது என்பதைப் பெண்கள் வெட்கப்படாமல் முதலிலேயே பேசிவிட வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் ஏராளம். நாங்கள் சத்தியமங்கலம், சாம்ராஜ் நகர் என்று இரண்டு ஊர்களைக் குறித்துக்கொண்டோம், பெட்ரோலும் அங்கேயே.

மைசூரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது போய்ப் பார்க்க வேண்டிய ஊர். 1897-இல் பழைய மர அரண்மனை தீயில் எரிந்தபின், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தின் வடிவமைப்பில் பங்குள்ள ஹென்றி இர்வின் வடிவமைத்து, 1912-இல் முடிந்தது இப்போதிருக்கும் அரண்மனை. உள்ளே செருப்பில்லாமல்தான் போக வேண்டும். தேவராஜ மார்க்கெட் பக்கம் கார் நிறுத்துவது சிரமம் என்பதால், வண்டி நிறுத்த இடம் உள்ள விடுதியைச் சற்று வெளியே பிடித்துக்கொண்டு, ஊருக்குள் ஆட்டோவில் சுற்றுவது நிம்மதி. எடக்கே என்றால் இடதுபக்கம், பலக்கே என்றால் வலதுபக்கம். இந்த இரண்டு தெரிந்தாலே வழி கேட்டுவிடலாம். முதல் முறை போகிறவர்கள் தசராக் கூட்டத்தில் காரோடு போவதைத் தவிர்ப்பது நல்லது.

செலவு எவ்வளவு, யார் எதற்குக் கொடுப்பது, அவருக்குப் பிடித்த ரயில் அருங்காட்சியகத்துக்கு எத்தனை நேரம், எனக்குப் பிடித்த மார்க்கெட்டுக்கு எத்தனை நேரம் என்பதையும் சமையலறையில் உட்கார்ந்தே பேசி முடித்தோம். களைப்பும் பசியும் இருக்கும்போது காருக்குள் பேசக்கூடிய விஷயங்கள் இல்லை இவை.

நீங்களும் உங்கள் துணையோடு புது ஊருக்குக் கிளம்பும் எண்ணத்தில் இருந்தால், முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வழக்கமாக ஓட்டுபவர் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு இடப்பக்கம் உட்காரட்டும். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டவும் விடுங்கள். பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்று யாராவது கேட்டால், பயணத்தில் அவளும்தானே வருகிறாள் என்று சொல்லுங்கள்.