சுண்டெலி காட்டிய பாதை

அக்கா வீடு நாட்றம்பள்ளியில் இருக்கிறது. அக்கா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புவாள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது அவள் மகன் ஒரு விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.

“என்னடா ஆச்சு?”

“அரிசி மூட்டைக்குப் பின்னால பந்து போயிடுச்சு மாமா. கைய விட்டேன். எலி கடிச்சிடுச்சு.”

“அம்மாகிட்ட போன்ல சொன்னியா?”

“சொல்லல. திட்டுவாங்க.”

விரலைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். பிறகு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் காயத்தைப் பார்த்தார், எந்த எலி, எப்படிக் கடித்தது என்று கேட்டார், ஒரு டெட்டனஸ் ஊசி போட்டார். ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பையன் கேட்டான். “மாமா, நாய் கடிச்சா நாலு தடவை ஊசி போடறாங்க. எலிக்கு ஏன் வேணாம்? எலிக்கு ரேபிஸ் வராதா?”

வரும் என்பதுதான் ஆச்சரியமான பதில். ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கு ரேபிஸ் மிக எளிதாக வரும். வைரஸ் கலந்த ஒரே ஒரு துளியை அதன் மூளைக்குள் செலுத்தினால் போதும், சில நாட்களில் அது நோயில் விழுந்துவிடும். ஆனால் வீட்டிலும் வயலிலும் திரிகிற எலிகளிடம் இந்த நோயைக் காண்பது மிக அரிது. ஆய்வுக்கூடத்தில் இத்தனை எளிதாக வருவது வெளியில் ஏன் வருவதில்லை? அதைப் புரிந்துகொள்ள அந்த வைரஸோடு கொஞ்ச தூரம் பயணம் செய்ய வேண்டும்.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும். ஒரு முனை வட்டம், மறுமுனை தட்டை. நீளம் சுமார் 180 நானோமீட்டர். ஐயாயிரம் வைரஸ்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தாலும் உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் வராது. நம் உடலைக் கட்டி நடத்த ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் வேண்டியிருக்கின்றன. இந்த வைரஸுக்கு வெறும் 5 போதும். அந்த 5 மரபணுக்களை வைத்துக்கொண்டு அது ஒரு நாயின் மூளையையே பிடித்துவிடுகிறது.

நோய் தரும் பல கிருமிகள் இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும். ரேபிஸ் அப்படிச் செய்வதில்லை. அது நரம்பு வழியாகவே போகிறது. இது எப்படித் தெரிந்தது? 1889இல் இத்தாலியில் தி வெஸ்தியா, சகாரி என்ற இருவர் முயல்களை வைத்துச் செய்த சோதனைகளில், நோய் நரம்புத் தண்டின் வழியே ஏறுவதைக் காட்டினார்கள்.  1965இல் அமெரிக்காவில் பேர், சாந்தவீரப்பா, போர்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள் எலிகளிடம் இதை இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். எலியின் பின்னங்கால் பாதத்தில் வைரஸைச் செலுத்தினால் நோய் வரும். அதே காலுக்குப் போகிற நரம்பை முன்பே வெட்டிவிட்டால் வைரஸால் மேலே ஏற முடியவில்லை. காலில் இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாதை மட்டும் இல்லை.

அந்தப் பாதை எப்படிப்பட்டது என்று சொல்ல எங்கள் ஊர்ப் பக்கத்து ரயில் பாதையே போதும். பச்சூரில் ஏறினால் சோமநாயக்கன்பட்டி, அடுத்து ஜோலார்பேட்டை. ஜோலார்பேட்டை பெரிய ஜங்ஷன். அங்கே போய்விட்டால் சென்னைக்கும் போகலாம், சேலத்துக்கும் போகலாம். காலில் உள்ள நரம்பு முனையைப் பச்சூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டுதான் ஜோலார்பேட்டை. மூளை, சென்னை.

ஒவ்வொரு நரம்பிழைக்குள்ளும் நுண்குழல்கள் என்ற மெல்லிய தண்டவாளங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் டைனீன் என்ற புரதம் சுமை தூக்கிக்கொண்டு நடக்கிறது. நரம்பு முனையிலிருந்து நரம்புச் செல்லின் உடலுக்குச் சரக்கு கொண்டுபோவது அதன் அன்றாட வேலை. ரேபிஸ் வைரஸ் இந்த வண்டியில் ஏறிக்கொள்கிறது. வைரஸின் மேலே முள் முள்ளாக ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சாவி. தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சாவிக்குப் பொருந்துகிற பூட்டுகள் இருக்கின்றன. சாவி பொருந்தியதும் வைரஸ் உள்ளே போய்விடுகிறது. வண்டியின் வேகம் அதிகமில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை, அதாவது உங்கள் பென்சில் பெட்டியின் நீளத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

சுண்டெலியின் காலிலிருந்து முதுகுத்தண்டு சில சென்டிமீட்டர் தூரம்தான். ஆய்வுக்கூட வைரஸ் ஓரிரு நாட்களில் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். பிறகு ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி மூளையை எட்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எலியின் ரோமம் சிலிர்த்து நிற்கும், முதுகு கூனும், உடல் நடுங்கும், பின்னங்கால்கள் இழுபடும். அதன் பிறகு அது பிழைப்பதில்லை. இறந்த எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். நரம்புச் செல்கள் பெருமளவில் அழிந்திருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலான செல்கள் உருக்குலையாமல் அப்படியே இருந்தன. வேலையைத்தான் நிறுத்தியிருந்தன. வைரஸ், தான் தங்கியிருக்கும் வீட்டை இடிக்காமல் பயன்படுத்துகிறது. வீடு இடிந்தால் உடலின் காவல் படைக்குச் சத்தம் கேட்டுவிடும் அல்லவா?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தெருநாயின் உடலில் இருக்கும் வைரஸும் ஆய்வுக்கூட வைரஸும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பிரான்ஸில் லூயி பாஸ்டர் ஒரு முயலிலிருந்து அடுத்த முயலுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வைரஸைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போனார். முதலில் நோய் வர இரண்டு வாரம்போல ஆனது. போகப் போக நாட்கள் குறைந்து, கடைசியில் 7 நாள் என்ற கணக்கில் நிலைத்துவிட்டது. அதனால் அதற்கு ‘நிலைத்த வைரஸ்’ என்றே பெயர். எந்த நாளில் என்ன நடக்கும் என்று அதை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியும். தெரு வைரஸ் அப்படி இல்லை. மனிதரைக் கடித்த இடத்தில் அது பல வாரங்கள் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். நோய் தெரிய பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடும், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம்.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். மூளையைப் பிடித்த வைரஸ் அதோடு நிற்பதில்லை. மூளையிலிருந்து வெளியே கிளம்பும் நரம்புகள் வழியாக எச்சில் சுரப்பிகளுக்கு இறங்கிவிடுகிறது. நாயின் எச்சிலில் வைரஸ் நிறைகிறது. அதே நேரம் மூளை கெட்டுப்போன நாய் எதிரில் வந்தவரையெல்லாம் கடிக்கிறது. அடுத்த உடலுக்குப் போக வைரஸ் கண்டுபிடித்த வழி இதுதான். எலி விஷயத்தில் இந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. வெறிநாய் கடித்தால் அவ்வளவு சின்ன உயிர் அப்போதே செத்துவிடும். தப்பிப் பிழைத்து நோய் வந்தாலும், பெரும்பாலும் கால் விளங்காமல் முடங்கி இறந்துவிடும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். எலி, சுண்டெலி, அணில் கடித்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக அறியப்படவில்லை. டாக்டர் ஊசி வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

“அப்ப லேப் எலிய எதுக்கு மாமா வச்சிருக்காங்க?”

நமக்காகத்தான். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் முதன்முதலாகத் தடுப்பூசி போடத் தொடங்கினார். நோய்பட்ட முயல்களின் முதுகுத்தண்டை உலர்த்தித்தான் அந்த மருந்தைத் தயாரித்திருந்தார். மைஸ்டர் பிழைத்தான். அந்த மருந்து நம் பக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் ரேபிஸால் இறந்தார். அப்போது இந்தியாவில் சிகிச்சை கிடைத்த இடம் இமயமலைப் பக்கம் உள்ள கசௌலி. தென்னிந்தியாவிலிருந்து அது வெகு தூரம். அந்தச் சாவுக்குப் பிறகு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயைக் கொண்டு, 1907 ஏப்ரல் 6 அன்று நீலகிரியில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்பார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. வலி அதிகம், சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியா அதை நிறுத்திவிட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாராகும் ஊசி.

ஊசி வீரியமாக இருக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையில் சுண்டெலிகளுக்கு முதல் நாளும் ஏழாம் நாளும் தடுப்பூசி போடுவார்கள். பதினான்காம் நாள் மூளையில் நிலைத்த வைரஸைச் செலுத்துவார்கள். எத்தனை எலிகள் பிழைக்கின்றன என்பதை வைத்து மருந்தின் பலத்தை அளப்பார்கள். பிழைக்காத எலிகளும் உண்டு. எனக்கு அது வருத்தம்தான். எலிகளைச் சோதனைக்கு எடுக்காமல், கண்ணாடிக் குழாயிலேயே தடுப்பூசியின் புரதத்தை அளக்கும் முறைகள் வளர்ந்து வருகின்றன. அவை எலிகளின் இடத்தை முழுதாகப் பிடிக்கும் நாள் சீக்கிரம் வர வேண்டும்.

இன்னொரு அதிசயமும் நடந்திருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் விக்கர்ஷம், காலவே என்ற விஞ்ஞானிகளும் உடனிருந்தவர்களும் ரேபிஸ் வைரஸின் சாவிப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துவிட்டு, பச்சையாக ஒளிரும் ஒரு மரபணுவை வைத்தார்கள். சாவி இல்லாத வைரஸால் தானாகத் தாவ முடியாது. தேர்ந்தெடுத்த நரம்புச் செல்லில் மட்டும் சாவியைக் கொடுத்தால், அங்கிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் பின்னோக்கித் தாவி நின்றுவிடும். எந்தச் செல் எந்தச் செல்லோடு பேசுகிறது என்பது பச்சை வெளிச்சத்தில் தெரிந்துவிடும். சுண்டெலி மூளையின் வரைபடத்தை இப்படியும் இன்று தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். உயிரைக் கொல்லும் வைரஸே மூளைக்கு வழிகாட்டியாகிவிட்டது!

எலிகள் காட்டிய இந்தப் பாதையில் நமக்கு மிக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வைரஸ் மெதுவாகப் போகிறது. அது ஜோலார்பேட்டையை அடைவதற்குள் நம் உடல் வைரஸோடு போராடும் எதிர்ப்பொருளைத் தயாரித்துவிட்டால் நாம் பிழைத்தோம். தடுப்பூசி போட்டு எதிர்ப்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காப்பதற்காக, ஆழமான காயத்தில் தயார் எதிர்ப்பொருளையே ஊசியாகப் போடுவார்கள். ஆனால் நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இப்படி இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. சந்தேகப்படும்படியான விலங்கு கடித்தவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள், அதாவது உங்களைப் போன்றவர்கள்.

அன்று சாயங்காலம் அக்கா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையன் தானே ஓடிப்போய் விரலைக் காட்டினான். அவள் திட்டவில்லை, பயந்துபோய்க் கட்டிக்கொண்டாள்.

தம்பி, தங்கைகளே, நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், ஒரு நிமிஷம்கூட மறைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அம்மா வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லுங்கள், பள்ளியில் இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள். எலி கடித்தாலும் சொல்லுங்கள், எந்த ஊசி வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ரேபிஸ் ஊசி நம் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து என்று நான்கு முறை போக வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று நான்காவதை விட்டுவிடாதீர்கள்.