ஸ்லைடில் நகரும் நிலவு

1987ஆம் ஆண்டு மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்த பவர்பாயிண்ட், மேடையில் விளக்கொளி பாய்ச்சிக் காட்டும் ஒளிபுகு தாள்களைத் தயாரிப்பதற்கான மென்பொருளாகவே தொடங்கியது. ஸ்லைடில் உள்ள எழுத்தையும் படத்தையும் தனித்தனியே அசைக்கும் வசதி பின்னர் சேர்ந்தது. பொருளை உள்ளே கொண்டுவரும் நுழைவு, ஏற்கெனவே இருப்பதை நிறம் மாற்றியோ பெரிதாக்கியோ எடுத்துக்காட்டும் அழுத்தம், அதை அகற்றும் வெளியேற்றம், வரைந்த கோட்டின் வழியே செலுத்தும் நகர்வுப் பாதை என்னும் நான்கு வகைகள் 2002 பதிப்பில் நிலைபெற்றன.

எந்த அசைவைத் தேர்வது என்பதிலேயே பலரும் பொழுதைச் செலவிடுகின்றனர். ஆயினும் விளக்கத்தின் தெளிவு, அசைவு எப்போது தொடங்குகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. கிளிக் செய்ததும், முந்தைய அசைவுடன் சேர்ந்து, முந்தையது முடிந்தபின் என மூவகைத் தொடக்கங்கள் உண்டு. அவற்றுடன் அசைவு நீடிக்கும் நேரத்தையும் தொடங்குமுன் காக்கும் தாமதத்தையும் நொடிக்கணக்கில் குறிக்கலாம். சந்திர கிரகணத்தை விளக்கும் ஸ்லைடில் சூரியனும் புவியும் அதன் நிழலும் அசையாதிருக்க, நிலவாகிய வட்டத்துக்கு நிழலைக் கடந்து செல்லும் பாதையை வரைந்து 8 நொடி கொடுத்தால், அது நிழலுக்குள் முழுதாக மறையும் வேளையில் செம்பு நிறமாக மாறும்படி, நிறமாற்றத்தை ‘முந்தையதுடன்’ எனவும் 3 நொடித் தாமதம் எனவும் அமைக்கலாம். நிழலின் அகலத்துக்கேற்ப இந்தத் தாமதம் கூடும், குறையும். நகர்வுப் பாதை இயல்பாகவே மெல்லத் தொடங்கி மெல்ல நிற்குமாறு அமைந்திருப்பதால், நிலவு சீராகச் செல்ல அவ்விரண்டையும் சுழியமாக்குவது நல்லது. புவியின் வளிமண்டலத்தில் வளைந்து வரும் செவ்வொளியே நிறமாற்றத்துக்குக் காரணம் என்னும் குறிப்பு, ஆசிரியர் அதைச் சொல்லும்போது அடுத்த கிளிக்கில் வரட்டும்; முன்பே தோன்றிவிட்டால் மாணவர் நிலவைப் பார்ப்பதை விட்டுப் படிக்கத் தொடங்கிவிடுவர்.

பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த கலிபோர்னியா உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், பாடத்துக்குத் தொடர்பற்ற அலங்காரங்கள் கற்றலைக் குறைக்கின்றன என்று காட்டியுள்ளார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளி விழும் தலைப்புகளுக்கு இது நன்கு பொருந்தும்.

அசைவுகள் கோப்பு பிடிஎஃப் ஆக மாற்றப்படும்போது நீங்கிவிடுவதால், ஒன்று மறைந்தபின் அதே இடத்தில் தோன்ற வேண்டிய படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எனவே மாணவருக்கு அளிக்கும் பிரதியில் அவற்றைத் தனித்தனி ஸ்லைடுகளாகப் பிரித்து வைக்க வேண்டும்.