வால்வுக்கு ஏது தனிக்குரல்?

1985-இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஒரு வினோதமான பந்தயம் நடந்தது. பாப் கார்வர் என்ற ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் 'ஸ்டீரியோஃபைல்' இதழின் ஆசிரியர்களிடம் சவால் விட்டிருந்தார்: எவ்வளவு விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையரை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியை இரண்டே நாளில் அதேபோல் பாடவைக்கிறேன். எதிரே வைக்கப்பட்டது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர்.

விடுதி அறையில் உட்கார்ந்து கார்வர் செய்தது வெறும் கழித்தல் கணக்கு. இரண்டு பெட்டிக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்தார். மிஞ்சுவது எதுவோ அதுதான் வித்தியாசம். உள்ளே மாற்றி மாற்றிப் பற்றவைத்து, அந்த மிச்சத்தை 70 டெசிபல் வரை அமுக்கினார். ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. முதலில் வித்தியாசம் கேட்கிறது என்ற ஆசிரியர்களால், அதன் பிறகு எது எதுவென்று சொல்ல முடியவில்லை.

அப்படியானால் வால்வின் 'வெதுவெதுப்பான' ஒலி அளக்கக்கூடியது, நகலெடுக்கவும் கூடியது. அது எங்கே ஒளிந்திருக்கிறது?

காற்றை உறிஞ்சி மூடிய கண்ணாடிக் குப்பிக்குள், சூடேறிய கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, சில நூறு வோல்ட்டில் நிற்கும் ஆனோடை நோக்கி ஓடுகின்றன. நடுவில் இருக்கும் கம்பிச்சுருளான கிரிட், மதகுபோல அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் செய்த ஏற்பாடு இது. ஆனால் மதகைத் திறக்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் ஏறுவதில்லை. மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப வளைந்து ஏறுகிறது. அதனால் உள்ளே போகும் அலையின் ஒரு பாதி சற்றே உப்பி, மறுபாதி சற்றே சப்பி வெளியே வருகிறது.

காதுக்கு இதன் பொருள் மேற்சுரங்கள். 200 ஹெர்ட்ஸில் ஒரு ஸட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மேற்சுரம் 400: மேல்ஸட்ஜம். மூன்றாவது 600: மேல்பஞ்சமம். ஐந்தாவது 1000: இன்னொரு ஸ்தாயி மேலே அந்தர காந்தாரம். ஏழாவதான 1400 எந்த ஸ்வரஸ்தானத்திலும் உட்காராமல் உறுத்தும். வால்வின் வளைவு பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கூட்டுகிறது. தம்புராவுக்குப் பழகிய காது மேல்ஸட்ஜம் கொஞ்சம் கூடினால் கோபித்துக்கொள்ளுமா என்ன? 1938-இல் திரையரங்குகளுக்காக வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தந்த 300பி வால்வை ஒற்றையாக ஓட்டினால் சுமார் 8 வாட் கிடைக்கும். முழு வீச்சில் சில சதவீதம் சிதைவும் உடன் வரும்.

ஆனால் பெரும்பாலான வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் 'புஷ்-புல்' வகை. இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்ய, அந்த இரண்டாம் மேற்சுரம் பெருமளவு ரத்தாகிவிடுகிறது. அவற்றிலும் வெதுவெதுப்பு கேட்கிறதே!

என்னைக் கேட்டால், ரகசியத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கரோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் அதன் மின்மறுப்பு ஓரிடத்தில் 6 ஓம், கீழ்ச்சுரங்களில் பெட்டி அதிரும் இடத்தில் 30 ஓம் என்று மேடுபள்ளமாகப் போகும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் உள்மறுப்பு மிகச் சொற்பம் என்பதால் அது இதைப் பொருட்படுத்தாது. பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே திருப்பிப் பிழை திருத்தும் உத்தி) இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபையரில் அந்த உள்மறுப்பு 3 ஓம் வரை இருக்கலாம். இப்போது கணக்குப் போடுங்கள்: 6 ஓம் இடத்தில் ஒன்பதில் ஆறு பங்குதான் ஸ்பீக்கருக்குப் போகிறது, 30 ஓம் இடத்தில் முப்பத்துமூன்றில் முப்பது. வித்தியாசம் 2.7 டெசிபல். பேஸ் குமிழைக் கொஞ்சம் திருகியதுபோலத்தான். ஸ்பீக்கரை மாற்றினால் அதே ஆம்ப்ளிஃபையரின் குரலும் மாறிவிடும்.

(வால்வு ரேடியோ காலத்து ஒலியை நினைத்து ஏங்குபவர்கள் உண்டு. அதில் மரப்பெட்டிக்கும் பங்கு கொடுங்கள்.)

சத்தத்தை அளவு மீறிக் கூட்டும்போது நடப்பது தனிக்கதை. பின்னூட்டம் குறைந்த வால்வு அலையின் முனையைத் தேய்த்து மழுக்குகிறது. டிரான்சிஸ்டர் கத்தியால் வெட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், வால்வின் பொற்காலத்துப் பொறியாளர்கள் இந்தக் குரலை ஒழிக்கத்தான் மெனக்கெட்டார்கள். 1947 ஏப்ரல், மே மாதங்களில் டி. டி. என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு ஆம்ப்ளிஃபையரின் வரைபடத்தை வெளியிட்டார். இரண்டு கேடி66 வால்வுகள், கனத்த டிரான்ஸ்ஃபார்மர், தாராளமான எதிர்ப்பின்னூட்டம். 15 வாட்டில் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே. வால்வு இருந்த தடயமே தெரியக்கூடாது என்பதுதான் அவர் இலக்கு. அதே டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பின்னாளில் ஜப்பானின் ஹிரோயாசு கோண்டோ உருவாக்கிய 'ஒங்காகு' ஆம்ப்ளிஃபையர், வெள்ளிக்கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரோடும் ஒற்றை வால்வு அமைப்போடும் ஒரு வீட்டின் விலைக்கு விற்றது. வில்லியம்சன் நோய் என்று ஒதுக்கியிருக்கக்கூடியதற்கு அந்த விலை.

கார்வர் தன் பிற்கால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றில், ஸ்பீக்கர் கம்பி மாட்ட இரண்டு ஜோடி முனைகள் வைத்தார். ஒன்று வழக்கமானது. மற்றதில், வால்வுக் குரல் வேண்டுவோருக்காக, சுமார் ஒரு ஓம் உள்மறுப்பைச் சேர்த்திருந்தார். அதற்கும் பிறகு, வயதான காலத்தில், அவரே வால்வு ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து விற்றார்.