நல்ல வில் செய்வோரைத் தேடுதல்

வில் என்றதும் இராமனும் அருச்சுனனும் பெரும்பாலோர் நினைவில் எழுவர். அவ்வில்லைச் செய்த கை எவருடையது என்று யாரும் கேட்பதில்லை. நன்றாய் உழுபவனுக்குப் பின்னால் நன்றாய் ஏர் செய்த தச்சர் ஒருவர் இருப்பதுபோல, குறி தவறாத வில்லாளிக்குப் பின்னால் தொழில் தேர்ந்த ஒருவர் இருந்தே தீர வேண்டும். "எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வில் பழக விரும்புகின்றனர், கையால் செய்த மர வில் எங்கே கிடைக்கும்?" என்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் ஊராட்சி உறுப்பினர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுவோம். ஆங்கில எழுத்தில் 'வில்லுபுரம்' என்று படிக்கத் தோன்றினும், தமிழில் நம் ஊர் விழுப்புரமே. ஊர்ப் பெயரை நம்பி இங்கே வில் தொழில் மிகுந்திருக்குமென எண்ணி வருவோர் ஏமாறுவர். ஆயினும் வில் செய்வதற்கு வேண்டிய கைத்திறன்கள் நம் வட்டாரத்தில் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்று சேர்ப்பதுதான் நம் வேலை.

மூவகை வில்

தமிழ்நாட்டில் வில் என்னும் ஒரே பெயரால் மூன்று வேறு பொருள்கள் வழங்குகின்றன. இவ்வேறுபாட்டை அறியாதவர் பணத்தை இழப்பதோடு, பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் ஊறு தேடிக்கொள்வர்.

முதலாவது கூத்து வில். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதி தெருக்கூத்துக்குப் பேர்போனது. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் 'வில் வளைப்பு', 'அருச்சுனன் தபசு' ஆகிய கூத்துக்கள் ஆடப்படுகின்றன. கூத்தரின் புசக்கட்டை, கிரீடம் முதலியவற்றைக் கலியாண முருங்கை போன்ற இலேசான மரங்களில் செதுக்கும் தொழிலாளர் உள்ளனர். கூத்து வில்லும் அவ்வாறே கண்ணுக்கு அழகாகவும் கைக்கு இலேசாகவும் இருக்கச் செய்யப்படுவது. அதில் நாணேற்றி இழுத்தால் முறிந்துவிடும். அது வில்லின் குறையன்று. எய்வதற்காக அது செய்யப்படவே இல்லை.

இரண்டாவது பாட்டு வில். தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக்குப் பயன்படும் இது, பெரும்பாலும் பனையின் வைரத்தால் ஆனது. ஓர் ஆளின் உயரத்தை விட மிக நீண்டது. மணிகள் கட்டி, குடத்தின்மேல் பொருத்தி, வீசுகோலால் நாணைத் தட்டி ஒலி எழுப்புவர். இதன் தேவை ஓசையே; அம்பைச் செலுத்தும் விசையன்று.

மூன்றாவது எய்யும் வில். இதுவே நாம் தேடுவது. முழுதும் வளைந்து, முறியாமல் மீண்டு, அந்த மீட்சியின் வேகத்தை அம்புக்குக் கொடுப்பதே இதன் தொழில்.

ஏன் தேட வேண்டும்?

ஒலிம்பிக் போட்டிகளில் பயன்படும் வில், பல உறுப்புக்களைப் பூட்டிச் செய்யப்பட்ட விலையுயர்ந்த கருவி. சிற்றூர்ப் பிள்ளைக்கு அது எட்டாது. ஆனால் நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் 'இந்திய முறை' என்றொரு பிரிவு உண்டு. அதில் உள்நாட்டில் மூங்கிலாலும் மரத்தாலும் செய்த வில்லே பயன்படுகிறது. இராசத்தானத்துப் பழங்குடியில் பிறந்த லிம்பாராம் காட்டு மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் எய்தார். இராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரியும் சிறு வயதில் வீட்டில் செய்த மூங்கில் வில்லில் பழகியவரே. 2010ஆம் ஆண்டு தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றார். நல்ல நாட்டு வில் ஒன்று ஊரில் இருப்பின், திறமை எந்தக் குடிசையில் ஒளிந்திருக்கிறது என்பது தெரியவரும்.

மரமும் மூங்கிலும்

வில் வளையும்போது, இலக்கை நோக்கிய வெளிப்புறம் இழுபடுகிறது. எய்வோரை நோக்கிய உட்புறம் நசுங்குகிறது. முறிவு பெரும்பாலும் இழுபடும் வெளிப்புறத்திலேயே தொடங்கும். ஆகவே அப்புறத்து நார் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை அறுபடாமல் செல்ல வேண்டும். இதனாலேயே தேர்ந்தவர் மரத்தை வாளால் அறுப்பதினும் நாரின் போக்கிலே பிளப்பதையே விரும்புவர். இங்கிலாந்தில் 1545ஆம் ஆண்டு மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1982இல் வெளியே எடுக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து கிடைத்த 170க்கும் மேற்பட்ட மர விற்களிலும் ஆய்வாளர் கண்டது இந்த ஒழுங்கையே.

நமக்கு எளிதில் கிட்டுவது மூங்கில். அதிலும் உட்குழிவு மிகக் குறைந்த கல் மூங்கில் சிறந்தது. வறண்ட நிலத்திலும் வளர்வது. மூங்கிலின் வலிய நார்கள் மேல்தோலை ஒட்டியே நெருங்கி நிற்கின்றன. எனவே தோற்புறம் இலக்கை நோக்கியிருக்குமாறு வில் செய்ய வேண்டும். அத்தோலையும் கணுக்களையும் சீவிப் பளபளப்பாக்குபவர் வில்லின் உயிரையே சீவுகிறார். மூன்று ஆண்டுக்குக் குறையாத முற்றிய கழியையே வெட்டுதல் நன்று. மாவுச்சத்து மிகுந்த பருவத்தில் வெட்டினால் வண்டு துளைக்கும். வெட்டிய கழியைச் சில வாரம் நீரில் ஊறவைத்து, பின்னர் நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துவது நம் முன்னோர் கண்ட வழி.

நாணுக்கும் நம் மண்ணிலேயே பொருள் உண்டு. வேலிகளிலும் வறண்ட புதர்களிலும் வளரும் மருளின் நார், பண்டைக்காலம் முதல் நாணுக்குப் பயன்பட்டது. இன்று நீளாத பாலியெஸ்டர் நூலை முறுக்கியும் செய்யலாம். நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு நாணுக்கு ஆகாது.

கைத்திறன் எங்கே இருக்கிறது?

மரத்தைப் பட்டைகளாக வளைக்கத்தக்க வடிவில் சீவுவது பாதி வேலை. மீதிப் பாதி, வளைவைச் சமன் செய்வது. இதற்கொரு கணக்கு உண்டு. வில்லின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதன் விறைப்பும் அதே அளவே குறையும். கனத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ, அவ்விடத்து விறைப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். 10 மில்லிமீட்டர் கனத்தில் 1 மில்லிமீட்டர் அதிகமாகச் சீவிவிட்டால் அவ்விடம் தளர்ந்து, வளைவு முழுதும் அங்கேயே குவிந்து, ஒருநாள் முறியும். சீவியதை ஒட்டவைக்க முடியாது. ஆகவே நல்ல தொழிலாளி வில்லைத் தாங்குசட்டத்தில் மாட்டி, நாணைச் சிறிது இழுப்பார், எட்டி நின்று பார்ப்பார், விறைத்த இடத்தில் இரண்டு சுரண்டு சுரண்டுவார், மீண்டும் இழுப்பார். இந்தப் பொறுமையே அவர் தொழில்.

எனவே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தேடுவோர் முதலில் மூங்கிலைப் பிளந்து ஏணியும் கூடையும் செய்வோரை நாடலாம். நாரின் போக்கு அவர்கள் விரலுக்குத் தெரியும். அடுத்து, வண்டியும் கலப்பையும் செய்த முதிய தச்சர்களை நாடலாம். எந்த மரம் எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 2019ஆம் ஆண்டு வரை நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றவை. அச்சிற்பிகளின் உளித்திறன் பெரிது. எனினும் சிற்பத்தில் நாரை வெட்டி உருவம் காண வேண்டும். வில்லிலோ நாரைப் பின்பற்றிச் செல்ல வேண்டும். இதை மனத்திற்கொண்டு பழகுவார்களாயின் அவர்களும் சிறந்த வில் செய்ய இயலும். எவரை நாடினும், அருகிலுள்ள வில்வித்தைப் பயிற்சியாளர் ஒருவரை அவரோடு சேர்த்து அமர்த்துவது இன்றியமையாதது. ஒருவருக்கு மரம் தெரியும். மற்றவருக்கு எய்தல் தெரியும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

செய்தவரிடம் மரம் எத்தனை மாதம் உலர்ந்தது என்று கேட்க வேண்டும். நேற்று வெட்டி இன்று செய்ததாயின் வேண்டாம்.

வெளிப்புறத்தை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். குறுக்குக் கீறல், அறுபட்ட நார், வண்டுத் துளை எதுவும் இருத்தலாகாது.

நாணேற்றிய வில்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டு நோக்கினால், மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் முழங்கைபோல் மடிவது பெருங்குறை.

சந்தையில் காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, எய்யும் அளவுக்கு இழுத்து, இழுவிசையைக் காண வேண்டும். பழகத் தொடங்கும் சிறுவர்க்கு 4½ முதல் 9 கிலோ வரை போதும். வலிய வில்லே நல்ல வில் என்பது தவறான எண்ணம்.

சிலமுறை மெதுவாக இழுத்தபின் நாணை இறக்கிவிட வேண்டும். வில் பெருமளவு வளைந்தபடியே நின்றுவிட்டால், மரம் ஈரமென்றோ அளவுக்கு மீறி இழுக்கப்பட்டதென்றோ பொருள்.

வில்லின் நீளம் எய்வோரின் உயரத்துக்குக் குறையாதிருத்தல் நலம். குட்டை வில்லை நெடுக இழுப்பதே பல முறிவுகளுக்குக் காரணம்.

ஊராட்சி செய்ய வேண்டியது

எடுத்த எடுப்பில் இருபது வில்லுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே கொண்டுவா என்று நெருக்குவது தொழிலைக் கெடுக்கும் வழி. முதலில் இரண்டு வில் செய்யச் சொல்லி, மரத்துக்கு முன்பணம் தந்து, உலர்வதற்குக் காலமும் தர வேண்டும். அவை சோதனையில் தேறினால் மேலும் கேட்கலாம். விலை பேசுகையில் மரத்தின் விலையை மட்டும் கணக்கிடாமல், சீவிய நாட்களின் கூலியையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். முதியவர் ஒருவர் செய்வாராயின், ஓர் இளைஞரை உடன் இருத்திக் கற்கச் செய்தல் வேண்டும். இல்லையேல் அவரோடு அத்தொழிலும் போய்விடும். கருவி வாங்கவும் பட்டறை அமைக்கவும், 2025இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியத்துடன் கடன் பெற வழி உண்டு. தகுதி விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் அறியலாம்.

மூங்கிலைப் பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தப்படி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் வனச்சட்டத்தில் 'மரம்' எனக் கொள்ளப்படுவதில்லை. வரப்போரத்தில் பத்துக் கல் மூங்கில் நடும் உழவர் பிற்காலத்தில் ஏணிக்கும் வில்லுக்கும் விற்று வருவாய் காணலாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி வெட்டுவது மட்டும் குற்றமே.

காத்துக்கொள்ளும் நெறி

அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடலாகாது. அம்பு கொண்டுசெல்ல வேண்டிய விசை வில்லிலேயே தங்கி அதனைப் பிளந்துவிடும். பழகி முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். வெயிலிலும் அடுப்படியிலும் சாத்திவைக்கக் கூடாது. பழகுமிடத்தில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். அம்பெடுக்க ஒருவர் முன்செல்லும்போது எவர் கையிலும் தொடுத்த வில் இருக்கலாகாது. முயலுக்கோ மயிலுக்கோ குறிவைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஏணி செய்வோரும், வண்டித் தச்சரும், கூத்துக்கட்டை செதுக்குவோரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். டிராக்டரும் அலுமினிய ஏணியும் வந்தபின் அவர்கள் கைக்கு வேலை குறைந்துவிட்டது. வேலையற்றுப் போன அக்கைக்கும் கருவியற்று நிற்கும் பிள்ளைக்கும் இடையே பாலம் போடத்தக்கது ஊராட்சி மன்றமே. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், தம் ஊரில் மூங்கிலும் மரமும் அறிந்தோர் யாவர் என்று ஒரு பட்டியல் எடுக்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.